எழுதுங்கள், ஆனால் டிஸ்க்கை அளந்த பிறகு

கேள்வி: பிரேக் பிடிக்கும்போது கீச்சென்று சத்தம் வருகிறது என்று காரை ஓர் ஒர்க்ஷாப்பில் விட்டேன். முன்சக்கரம் இரண்டுக்கும் பிரேக் பேடு, அது கவ்விப் பிடிக்கிற டிஸ்க் என்ற இரும்புத் தட்டு எல்லாம் புதிதாக மாற்றியதாகச் சொல்லி பில் கொடுத்தார்கள். பதினைந்தே நாளில் அதே சத்தம் திரும்ப வந்துவிட்டது. போதாக்குறைக்கு ஏ.சி.யும் வேலை செய்யவில்லை. வேறொரு மெக்கானிக்கிடம் காட்டினேன். சக்கரத்தைக் கழற்றிப் பார்த்தவர், "இது புது டிஸ்க்கே இல்லை, பழசை லேத் இயந்திரத்தில் சீவிக் கடைந்து மாட்டியிருக்கிறார்கள்" என்றார். முதல் ஒர்க்ஷாப்புக்கு இரண்டு முறை போன் செய்தேன். "வண்டியைக் கொண்டு வாங்க, பார்க்கலாம்" என்பதற்கு மேல் பேச்சில்லை. 'திருட்டுக் கும்பல், இங்கே யாரும் போகாதீர்கள், ஏ.சி.யையும் கெடுத்துவிட்டார்கள்' என்று இணையத்தில் போட ஒரு பதிவு எழுதி வைத்திருக்கிறேன். போட்டால் வழக்கு வரும் என்கிறான் நண்பன். போடாவிட்டால் இன்னும் நாலு பேர் ஏமாறுவார்கள் என்கிறாள் மனைவி. யார் சொல்வது சரி?

பதில்: அன்புள்ள வாசகருக்கு,

நான் உங்கள் மனைவி பக்கம். எழுதத்தான் வேண்டும். ஆனால் இன்றைக்கே வேண்டாம், இந்த வரைவும் வேண்டாம்.

பதிவைப் பற்றிப் பேசுவதற்கு முன் உங்கள் பிரேக்கைப் பற்றி ஒன்று கேட்டாக வேண்டும். வருவது மெல்லிய கீச்சுச் சத்தமா, அல்லது இரும்பும் இரும்பும் அரைபடுகிற கரகரப்பா? பிரேக்கை மிதித்தால் வண்டி ஒரு பக்கமாக இழுக்கிறதா? மிதி வழக்கத்தைவிடக் கீழே போகிறதா? கரகரப்போ இழுப்போ இருந்தால் இந்தக் கடிதத்தைப் பாதியில் வைத்துவிட்டு வண்டியை நிறுத்துங்கள். யாரையாவது வீட்டுக்கு வரச் சொல்லிப் பார்க்கச் சொல்லுங்கள். வெறும் கீச்சுச் சத்தம்தான் என்றால் பயப்பட வேண்டாம், ஆனால் இந்த வாரத்தைத் தாண்டித் தள்ளிப்போடாதீர்கள்.

நான் இருபத்தாறு வருடம் ஒர்க்ஷாப் நடத்தியவன். இப்போது ரிப்பேர் வேலையில் தகராறு வந்த வண்டிகளைப் பார்த்து அறிக்கை எழுதித் தருகிறேன். அந்தப் பக்கமும் நின்றிருக்கிறேன், இந்தப் பக்கமும் நிற்கிறேன். அந்த அனுபவத்தில் சொல்கிறேன்: வாடிக்கையாளர்கள் எழுதாமல் விடுவதால்தான் இந்தத் தொழிலில் பல தப்புகள் வருடக்கணக்கில் ஓடுகின்றன.

கார் ரிப்பேர் விசித்திரமான வியாபாரம். சட்டை வாங்கினால் போட்டுப் பார்க்கலாம். சக்கரத்துக்குள்ளே என்ன மாற்றினார்கள் என்பதை வேலை முடிந்த பிறகும் நம்மால் பார்க்க முடியாது. என்ன கோளாறு என்று சொல்பவரும் அவர்தான், அதைச் சரிசெய்யக் காசு வாங்குபவரும் அவர்தான். வாங்கிய பிறகும் தரத்தைச் சோதித்துப் பார்க்க முடியாத சரக்கு எது என்று பொருளாதாரம் படித்தவர்களைக் கேட்டால், வைத்தியத்தோடு சேர்த்துக் கார் ரிப்பேரையும் சொல்வார்கள். நேர்மையான மெக்கானிக்கும் இல்லாதவரும் வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றுபோலத்தான் தெரிவார்கள். இருவர் கையிலும் ஒரே ஸ்பேனர், ஒரே கிரீஸ்.

இதைக் கண்டுபிடிப்பது எவ்வளவு கஷ்டம் என்பதற்கு ஒரு பழைய சம்பவம் உண்டு. 1992-ல் வெளியே வந்த விஷயம். அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் நுகர்வோர் துறையினர் சாதாரண வாடிக்கையாளர் மாதிரி கார்களை ஓட்டிக்கொண்டு சியர்ஸ் என்ற பெரிய கடைத்தொடர் நிறுவனத்தின் கார் சர்வீஸ் கிளைகளுக்குப் போனார்கள். பிரேக் தேய்ந்த, மற்றபடி நல்ல நிலையிலிருந்த கார்கள். 38 முறை போனதில் 34 முறை அந்தக் கிளைக்காரர்கள் தேவையில்லாத வேலைகளைச் செய்து பணம் வாங்கினார்கள் என்று அந்தத் துறை அறிவித்தது. வேண்டுமென்று ஏமாற்றவில்லை என்றது நிறுவனம். ஆனாலும் வேலை எழுதி வாங்குகிற ஊழியர்களுக்குக் கொடுத்துவந்த கமிஷன் முறையை நிறுத்திக்கொண்டது.

அந்த 38 என்ற எண்ணைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். ஒரே ஒரு தடவை போயிருந்தால், "கைத்தவறு சார், பையன் புதுசு" என்ற ஒரு வார்த்தையில் விஷயம் முடிந்திருக்கும். வரிசையாக வைத்துப் பார்த்தபோதுதான் உருவம் தெரிந்தது. உங்களிடம் அரசுத் துறையும் இல்லை, மாறுவேடக் காரும் இல்லை. உங்களுக்கு முன்னும் பின்னும் அதே கடைக்குப் போன 37 பேர் இருக்கிறார்கள். அவர்கள் ஒவ்வொருவரும் தனக்கு நடந்ததைத் தேதியோடு எழுதினால், இணையமே அந்த விசாரணையைச் செய்துவிடும். அதற்காகத்தான் எழுதச் சொல்கிறேன்.

அப்படிப் பார்த்தால் 'திருட்டுக் கும்பல்' என்ற பதிவால் அந்த 37 பேருக்கு ஒரு பயனும் இல்லை. நீங்கள் கோபமாக இருக்கிறீர்கள் என்பது மட்டும்தான் அதிலிருந்து தெரியும். 'புதிது என்று பில் போட்ட டிஸ்க்கின் கனம் (தடிமன்) பதினைந்தாம் நாள் இவ்வளவுதான் இருந்தது' என்று ஒரு வரி இருந்தால், அதே கடையில் அதே வேலை செய்துகொண்ட இன்னொருவர் போய்த் தன் வண்டியை அளந்து பார்ப்பார். நீங்கள் சாட்சி. படிப்பவர்கள் தீர்ப்பை எழுதிக்கொள்வார்கள்.

சரி, அந்த டிஸ்க்குக்கு வருவோம். உங்கள் வழக்கே அதில்தான் இருக்கிறது.

இரண்டாவது மெக்கானிக் எதைப் பார்த்து "புதிசில்லை" என்றார்? துருவைப் பார்த்தா? பிரேக் டிஸ்க் வார்ப்பிரும்பு. ஒரு ராத்திரி நனைந்தால் காலையில் துரு பூத்துவிடும், பேடு உரசாத நடுப்பகுதியிலும் ஓரத்திலும் அது அப்படியே தங்கிவிடும். பதினைந்து நாள் ஓடிய புது டிஸ்க்கும் பார்வைக்குப் பழசாகத்தான் இருக்கும். ஆகவே துருவை வைத்து யாரும் சத்தியம் செய்ய முடியாது. கோடுகளைப் பார்த்தாரா? லேத்தில் கடைந்த தட்டில் மெல்லிய வட்டக் கோடுகள் தெரியும், ஆனால் சில புது டிஸ்க்குகளிலும் இயந்திரம் இழைத்த தடம் இருக்கும். அவர் நல்ல மனிதராகவே இருக்கலாம். இருந்தாலும் முதல் ஆளைக் குறை சொன்னால் வேலை தன்னிடம் வரும் என்ற ஆசை அந்த இடத்தில் யாருக்கும் உண்டு. எனக்கும் இருந்திருக்கிறது.

பொய் சொல்லாத ஒன்று உண்டு: கனம். டிஸ்க்கின் நடுப்பகுதியிலோ விளிம்பிலோ 'இதற்குக் கீழே தேய்ந்தால் பயன்படுத்தாதே' என்று ஒரு குறைந்தபட்ச அளவை மில்லிமீட்டரில் பொறித்திருப்பார்கள். புதிதில் எவ்வளவு கனம் என்பது உங்கள் மாடலுக்கான சர்வீஸ் விவரங்களில் இருக்கும். உதாரணத்துக்கு, புதிதில் 22 மி.மீ. இருக்கும் தட்டில் 20 என்று பொறித்திருக்கலாம். அந்த இரண்டு மில்லிமீட்டர் தேய வழக்கமான ஓட்டத்தில் பல பத்தாயிரம் கிலோமீட்டர் பிடிக்கும். பதினைந்து நாளில் சாதாரணமாக ஓட்டி அரை மில்லிமீட்டரைக்கூடத் தேய்க்க முடியாது. ஆகவே மைக்ரோமீட்டர் என்ற நுண்ணளவுக் கருவி வைத்து, பேடு உரசும் இடத்தில் நாலைந்து புள்ளிகளில் அளக்கச் சொல்லுங்கள். இரண்டு தாடையால் பிடித்து அளக்கும் வெர்னியர் மட்டும்தான் இருக்கிறது என்றால், தேய்ந்த தட்டின் ஓரத்தில் நிற்கும் வரப்பு அதன் தாடையில் மாட்டி அளவைக் கூட்டிக் காட்டிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அளக்கும்போது கருவியின் எண்ணும் டிஸ்க்கும் ஒரே படத்தில் தெரியும்படி போட்டோ எடுங்கள். கிலோமீட்டர் மீட்டரையும் ஒரு படம்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், கடைக்கு நியாயமாக. கடைவது குற்றமில்லை. குறைந்தபட்ச அளவுக்கு மேலே கனம் நிற்கும் என்றால் பழைய டிஸ்க்கைக் கடைந்து திரும்ப மாட்டுவது ஒழுங்கான வேலைதான், வாடிக்கையாளருக்குச் செலவும் மிச்சம். அதைச் செய்துவிட்டுப் புதிது என்று பில் போடுவதுதான் தப்பு. அதே மாதிரி, சத்தம் திரும்ப வந்தது என்பதாலேயே ஏமாற்று என்று ஆகிவிடாது. பேடை அழுத்தும் காலிப்பர் என்ற கவ்வி நகர்கிற ஊசியில் கிரீஸ் வற்றியிருந்தாலும், பேடுக்குப் பின்னால் போட வேண்டிய மெல்லிய தகட்டை விட்டுவிட்டாலும், அசல் புது டிஸ்க்கும் கீச்சிடும். அது அலட்சியம். திரும்பக் கொண்டுபோனால் செலவில்லாமல் செய்து தர வேண்டிய வேலை. தப்பு வேறு, அலட்சியம் வேறு, ஏமாற்று வேறு. மூன்றுக்கும் ஒரே பெயர் வைத்தால் உண்மையாகவே ஏமாற்றுகிறவனுக்குத்தான் கொண்டாட்டம்.

ஏ.சி.யைப் பதிவிலிருந்து எடுத்துவிடுங்கள். முன்சக்கர பிரேக் வேலைக்கும் ஏ.சி.க்கும் சம்பந்தம் இருக்க வாய்ப்பு மிகக் குறைவு. ஒரு காரில் ஆணி, நட்டு வரை எண்ணினால் ஏறத்தாழ 30,000 பாகங்கள். அதில் ஏதோ ஒன்று, நீங்கள் ஒர்க்ஷாப்புக்குப் போய்வந்த அதே மாதத்தில் கெட்டுப்போவது சாதாரணமாக நடப்பது. 'இவர்கள் கை வைத்த பிறகுதான்' என்ற புகாரை நான் நூற்றுக்கணக்கில் பார்த்திருக்கிறேன். சிலது உண்மை, பலது தற்செயல். உங்கள் பதிவில் ஒரு வரி பொய்யென்று அந்தக் கடைக்காரர் காட்டிவிட்டால் மற்ற வரிகளையும் அதே கையால் துடைத்துவிடுவார்.

இதைச் சொல்லும்போது ஒருவர் ஞாபகம் வருகிறது. டயர் மாற்றிய மறுநாள் சக்கரத்திலிருந்து கிறீச்சென்று தொடர்ந்து சத்தம் வருகிறது என்று வண்டியைக் கொண்டுவந்தார். டயர் கடைக்காரர்கள் டிஸ்க்கை வளைத்துவிட்டார்கள் என்று படத்தோடு இணையத்தில் போட்டு மூன்று வாரம் ஆகியிருந்தது. சக்கரத்தைக் கழற்றினேன். டிஸ்க்குக்கும் அதன் பின்னால் இருக்கும் தூசித் தகட்டுக்கும் நடுவே ஒரு சின்னக் கல், கடலைப்பருப்பு அளவுதான், சிக்கியிருந்தது. ஸ்க்ரூடிரைவரால் நெம்பினேன், கீழே விழுந்தது. சத்தம் போய்விட்டது. அவர் அந்தக் கல்லைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் பேசாமல் நின்றார். அங்கேயே பதிவை நீக்கினார். ஆனால் அதற்குள் யார் யாரோ அதைப் படமாக எடுத்துப் பரப்பியிருந்தார்கள், அதை அவரால் திரும்ப வாங்க முடியவில்லை. அந்த டயர் கடையை ஓர் அண்ணனும் தம்பியும் நடத்திக்கொண்டிருந்தார்கள்.

சின்னக் கடை என்பதை மனதில் வையுங்கள். உணவகங்களை வைத்துச் செய்து 2011-ல் வெளிவந்த ஓர் ஆய்வில், இணையத்தில் வாடிக்கையாளர் தரும் மதிப்பீடு ஒரு நட்சத்திரம் கூடினால் வருமானம் 5 முதல் 9 சதவீதம் வரை கூடுவதாகத் தெரிந்தது. அந்த விளைவு தனிக் கடைகளில்தான் இருந்தது. கிளைகள் வைத்த பெரிய நிறுவனங்களை அது அசைக்கவில்லை. ஒர்க்ஷாப்புக்கும் இது பொருந்தும் என்பது என் அனுபவம். பெரிய நிறுவனம் உங்கள் பதிவுக்கு அச்சடித்த மாதிரி ஒரு வருத்தம் தெரிவித்துவிட்டுப் போய்விடும். நாலு பேர் வேலை செய்கிற கடையில் அந்த மாதச் சம்பளம் ஆட்டம் காணும். அதனால் எழுதக்கூடாது என்று சொல்லவில்லை. எடையைத் தெரிந்துகொண்டு எழுத வேண்டும்.

வழக்கு பற்றி உங்கள் நண்பர் சொல்வதில் பாதி உண்மை. 'திருடர்கள்' என்பது ஒரு குற்றச்சாட்டு. அதை நிரூபிக்கும் சுமை பல நாடுகளில் எழுதியவர் தலையில்தான் விழும். 'இந்தத் தேதியில் இந்த வேலைக்கு பில் போட்டார்கள், இத்தனாவது நாளில் இப்படி இருந்தது, எனக்குத் திருப்தியில்லை' என்பது நடந்த விஷயமும் உங்கள் அபிப்பிராயமும். பில்லும் படமும் கையில் இருக்கும்போது அதற்கு யாரும் எளிதில் வழக்குப் போடமாட்டார்கள். வக்கீல் நோட்டீஸ் வந்துவிட்டால் மட்டும் இணையத்தில் பதில் சொல்லிக்கொண்டிருக்காமல் ஒரு வக்கீலைப் பாருங்கள்.

இப்போது கொஞ்சம் கசப்பான விஷயம். "வண்டியைக் கொண்டு வாங்க, பார்க்கலாம்" என்று அந்த ஒர்க்ஷாப் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். அதைப் பதில் இல்லை என்று நீங்கள் நினைக்கிறீர்கள். நான் அந்த நாற்காலியில் இருந்திருந்தால் நானும் அதையேதான் சொல்லியிருப்பேன். போனில் பிரேக்கைப் பார்க்க முடியாது. அந்த வாய்ப்பை அவர்களுக்குக் கொடுக்காமல் எழுதினால், அவர்கள் பதிவின் கீழே எழுதப்போகும் முதல் வரி, 'நாங்கள் கூப்பிட்டோம், அவர் வரவில்லை' என்பதாகத்தான் இருக்கும். படிப்பவர்கள் அவர்கள் பக்கம் சாய்ந்துவிடுவார்கள்.

ஆகவே முதலில் அளந்து படம் எடுத்துக்கொள்ளுங்கள். அளப்பதற்குத் தேவையானதற்கு மேல் இரண்டாவது மெக்கானிக் எதையும் பிரித்து மாற்ற வேண்டாம், பிரித்துவிட்டால் சாட்சியம் போய்விடும். அப்புறம் அந்த ஒர்க்ஷாப்புக்கு எழுத்தில் ஒரு செய்தி அனுப்புங்கள்: என்ன வேலை, எந்தத் தேதி, என்ன அளவு வந்தது, எந்த நாளுக்குள் பதில் வேண்டும். ஒரு வாரம் போதும். வண்டியையும் கொண்டுபோய்க் காட்டுங்கள். ஆனால் 'பணத்தைத் திருப்பாவிட்டால் இணையத்தில் போடுவேன்' என்று மட்டும் எழுதவே எழுதாதீர்கள். அந்த ஒரு வரி, ஏமாந்தவரான உங்களை மிரட்டுகிறவராக மாற்றிவிடும். சில இடங்களில் சட்டத்தின் கண்ணுக்கும் அது அப்படியே தெரியும். பணம் கேட்பது தனி, எழுதுவது தனி. இரண்டையும் ஒரே வாக்கியத்தில் வைக்காதீர்கள்.

எழுதினால் எப்படி இருக்க வேண்டும்? நான் என்றால் இப்படி எழுதுவேன்: 'பிரேக் சத்தத்துக்காக இந்தத் தேதியில் காரை விட்டேன். முன் பேடும் டிஸ்க்கும் புதிதாக மாற்றியதாக பில் கொடுத்தார்கள், படம் கீழே. பதினைந்தாம் நாள் சத்தம் திரும்பியது. அன்று அளந்தபோது டிஸ்க்கின் கனம் இவ்வளவு. இந்த மாடலின் புது டிஸ்க் இவ்வளவு இருக்க வேண்டும். ஒர்க்ஷாப்புக்கு எழுதினேன், அவர்கள் சொன்னது இது. இங்கே டிஸ்க் மாற்றியவர்கள் ஒருமுறை அளந்து பாருங்கள்.' அவ்வளவுதான். வேலை நல்லதாக இருந்த அம்சம் ஏதாவது இருந்தால் அதையும் ஒரு வரி சேர்ப்பேன், சொன்ன நேரத்துக்கு வண்டியைக் கொடுத்தார்கள் என்பது மாதிரி. பில் படத்தில் உங்கள் போன் எண், வண்டி எண்ணை மறைத்துவிடுங்கள். வேலை செய்த பையனின் பெயரோ முகமோ வேண்டாம். எந்தப் பாகத்தை மாட்டச் சொன்னார்களோ அதை மாட்டியவன் அவன்.

இப்படி எழுதினால் யாருக்காவது உறைக்குமா என்று உங்களுக்குத் தோன்றலாம். எனக்கு உறைத்திருக்கிறது. பல வருடம் முன்பு என் ஒர்க்ஷாப்பைப் பற்றி ஒருவர் எழுதினார். திட்டு ஒன்றுகூட இல்லை. எத்தனை மணிக்கு வண்டியை எடுத்தார், எத்தனை கிலோமீட்டர் ஓட்டிய பிறகு பின்பக்கம் ஆட்டம் தெரிந்தது, ஓரமாக நிறுத்திப் பார்த்தால் இடது பின்சக்கரத்தில் ஐந்து நட்டில் இரண்டு நட்டு விரலால் திருகினாலே சுற்றியது, வண்டியில் தன் மகள் இருந்தாள். நாலே வரி. படித்ததும் என் கை ஜில்லென்று ஆகிவிட்டது. இடது பின்சக்கரம் என்றதும் அன்று அதைக் கழற்றி மாட்டியது யார் என்று எனக்குத் தெரிந்தது. நட்டுகளைக் கையால் ஏற்றிவிட்டு ஜாக்கியை இறக்கியவனை நடுவே நான்தான் வேறு வேலைக்குக் கூப்பிட்டிருந்தேன். அவன் திரும்பி வந்து முறுக்கவில்லை. மறுநாளிலிருந்து வண்டியை வெளியே விடுமுன் மாட்டியவன் இல்லாத இன்னொருவன் சரியான அளவுக்கு முறுக்கும் டார்க் ரெஞ்ச் வைத்து ஒவ்வொரு நட்டையும் முறுக்கி, மேலே பெயின்ட்டால் ஒரு கோடு போட வேண்டும் என்று ஆக்கினேன். கடையைக் கொடுக்கும் வரைக்கும் அந்தக் கோடு இல்லாமல் ஒரு வண்டியும் வெளியே போகவில்லை. அவர் 'கொலைகாரர்கள்' என்று எழுதியிருந்தால் நான் அன்று முழுக்க என்னைக் காப்பாற்றிக்கொள்வதில்தான் இருந்திருப்பேன். எந்தச் சக்கரம் என்று எனக்குத் தெரிந்திருக்காது.

அந்தப் பதிவை எடுக்கச் சொல்லி நான் அவரைக் கேட்கவில்லை. நேரில் போய் மன்னிப்புக் கேட்டேன். அவர் தானாகவே அதன் கீழே, 'வந்து பார்த்தார்கள், இப்போது இப்படிச் செய்கிறார்கள்' என்று ஒரு வரி சேர்த்தார். உங்களுக்கும் அதையே சொல்வேன். அவர்கள் சரிசெய்து கொடுத்தாலோ பணத்தைத் திருப்பினாலோ பதிவை நீக்காதீர்கள், கீழே சேர்த்து எழுதுங்கள். பணம் தருகிறோம், எடுத்துவிடுங்கள் என்று கையெழுத்துக் கேட்டால், உங்களுக்குப் பின்னால் வரப்போகிறவர் யோசனையும் கொஞ்சம் இருக்கட்டும்.

இந்த வாரத்துக்குள் அளந்துவிடுங்கள். கனம் புது டிஸ்க்கின் அளவை ஒட்டி வந்தால் இரண்டாவது மெக்கானிக் சொன்னது தவறு. அப்போது டிஸ்க் பற்றிய வரிகளை எடுத்துவிடுங்கள். மிச்சமிருப்பது சரியாக முடிக்காத பிரேக் வேலை, அதை அந்தக் கடையே செய்து தர வேண்டும், தராவிட்டால் அதை மட்டும் எழுதுங்கள். ஒரு மில்லிமீட்டருக்கு மேல் குறைவாக வந்தால் பில்லோடும் படத்தோடும் அவர்கள் முன்னால் உட்காருங்கள். சொன்ன நாளுக்குள் பதில் வராவிட்டால் அளந்த கனத்தைப் போட்டுப் பதிவிடுங்கள், நுகர்வோர் புகாரும் கொடுங்கள். பொறித்திருக்கும் குறைந்தபட்ச அளவுக்கும் கீழே வந்தால், இதற்கெல்லாம் முன் புது டிஸ்க்கை மாட்டிவிட்டுத்தான் வண்டியை எடுக்க வேண்டும். கழற்றிய இரண்டு டிஸ்க்கையும் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.